தொட்டும் பார்த்தும் அறியும் அச்சு: எல்லோருக்குமான ஒரு கலைக்கூடத்தின் செய்முறைப் பதிவு

ஆறு வயதுக் குழந்தையும் எண்பதை நெருங்கும் முதியவரும், பார்வையற்றவரும், காது கேளாதவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், கைநடுக்கம் உள்ளவரும் ஒரே அறையில் ஒரே வேளையில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் சமூகக் கலைக்கூடத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட பணி. 'ஒரே வேலை' என்பதை அழுத்தியே சொல்கிறேன். இத்தகைய கூடங்களில் வரையத் தெரிந்தவர்களுக்கு ஓவியம், குழந்தைகளுக்கு வண்ணம் நிரப்பும் தாள், குறைபாடு உள்ளவர்களுக்குக் களிமண் உருண்டை என்று அறையே மூன்றாகப் பிரிந்துவிடுவது வழக்கம். அப்படிப் பிரிந்தபின் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்களே தவிர, ஒருவர் செய்ததைப் பற்றி இன்னொருவர் கேட்கவோ சொல்லவோ எதுவும் இராது.

அதனால் கொலாகிராஃப் என்னும் அச்சு முறையைத் தேர்ந்தெடுத்தோம். அட்டையின்மேல் பலவகைப் பொருள்களை ஒட்டி, அந்த மேடுபள்ளத்தையே அச்சுத்தட்டாகக் கொண்டு, மை பூசித் தாளில் படியெடுப்பதுதான் இந்த முறை. அமெரிக்க அச்சுக்கலைஞர் கிளென் ஆல்ப்ஸ் 1950-களில் இதற்குப் பெயரிட்டு ஒரு தனிக் கலை முறையாக வளர்த்தார். எங்களுக்கு இது பொருந்திய காரணம் எளியது. தட்டு விரலால் அறியத்தக்கது. படி கண்ணால் அறியத்தக்கது. கோடு இழுக்கத் தெரியாதவரும், பென்சிலைப் பிடிக்க முடியாதவரும், பொருளைத் தேர்ந்து, கிழித்து, வைத்து, ஒட்டி ஒரு முழுப் படைப்பைச் செய்துவிடலாம்.

கை தளர்ந்தபின்னும் பார்வை போனபின்னும் பெரிய ஓவியர்கள் வேலையைத் தொடர்ந்ததற்குச் சான்றுகள் உண்டு. 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளான ஆன்றி மத்தீஸ், அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வண்ணத்தாள்களைக் கத்தரித்துப் படைப்புகளை உருவாக்கினார். சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி 1950-களின் நடுவில் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தும், காகித வெட்டு வேலைகளையும் சிற்பங்களையும் செய்தார். ஓடுகள் பதித்த பெரியதோர் சுவரோவியத்தையும் செய்து முடித்தார். ஆனால் இருவரும் ஏற்கெனவே தேர்ந்த கலைஞர்கள். எங்கள் கூடத்துக்கு வருபவர்களில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் பின் வண்ணத்தைத் தொடாதவர்கள். ஆகவே அந்த வாழ்க்கைகளிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு தொழில்நுட்பப் பாடத்தை மட்டுமே: வெட்டிய விளிம்பே கோடாகும், கோட்டைத் தனியே வரைய வேண்டியதில்லை.

அறையும் தட்டமும்

வேலையின் முதற்பகுதி கலையைச் சார்ந்ததாகத் தோன்றாது; ஆனால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் முழங்கால் மேசைக்கு அடியில் செல்ல, தரையிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் தடையின்றி இருக்க வேண்டும். நடுவில் குறுக்குச் சட்டம் உள்ள மேசைகளை விலக்கிவிட்டு, நான்கு மூலைகளில் மட்டும் கால் உள்ளவற்றை வைத்துக்கொண்டோம். மேசைகளுக்கு இடையே 90 செ.மீ. வழியும், நாற்காலி முழுதாகத் திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடமும் விட்டோம். அந்த வெற்றிடத்தில் பைகளையும் அட்டைக் கட்டுகளையும் வைத்துவிடுவது மனித இயல்பு என்பதால், தரையில் நாடா ஒட்டி எல்லை குறித்தோம்.

பளபளப்பான மேசைப்பரப்பு விளக்கொளியைத் திருப்பியடித்துக் குறைபார்வை உடையவர்களின் கண்ணைக் கூசவைக்கும். கரும்சாம்பல் நிறத்தில் மங்கலான ரப்பர் விரிப்பைப் போட்டபோது கூச்சமும் நின்றது, அட்டை வழுக்குவதும் நின்றது. வெளிச்சம் மேலிருந்து நேராக விழுவதைவிடப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுவது நல்லது. மேடுபள்ளங்களின் நிழல் தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் 2 செ.மீ. விளிம்புள்ள ஒரு தட்டம் கொடுத்தோம். பசை எப்போதும் இடப்புற மேல் மூலையில், கத்தரிக்கோல் வலப்புற மேல் மூலையில், துணி கீழே. பார்வையற்ற உறுப்பினருக்காக யோசித்த ஏற்பாடு இது. ஆனால் அதை எல்லோருக்கும் பொதுவாக்கியதும் குழந்தைகளின் பொருள்கள் தரையில் சிதறுவது குறைந்தது, மறதிநோய் உள்ள முதியவர் கருவியைத் தேடி மனம் கலங்குவதும் குறைந்தது. ஒருவருக்காகச் செய்யும் மாற்றம் இன்னும் நான்கு பேருக்குப் பயன்படுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்தோம், பெரும்பாலும் பயன்பட்டது.

இருக்கைகளை வளைவாக அமைத்தோம். காது கேளாதவர் எல்லோருடைய முகத்தையும் பார்க்க வேண்டும். செய்து காட்டுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். இதைவிட முக்கியமானது, செய்து காட்டுவதையும் விளக்குவதையும் ஒன்றாகச் செய்யக் கூடாது என்பது. சைகைமொழி பெயர்ப்பாளரைப் பார்க்கும் கண் அதே நொடியில் ஆசிரியரின் கையைப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் சொல்வது, பிறகு பேசாமல் செய்து காட்டுவது, பிறகு கேள்விகள் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தோம். பாடம் மெதுவாகச் சென்றது. ஆனால் பேச்சு நின்ற அந்த இடைவெளியில் எல்லோருமே கையை உன்னிப்பாகக் கவனித்தார்கள்.

விரலுக்கு வலியதும் கண்ணுக்கு வலியதும்

'எனக்கு வரைய வராது' என்று சொல்லிக்கொண்டே பெரியவர்கள் பலர் உள்ளே வருவார்கள். வெள்ளைத்தாளை முன்னால் வைத்தால் அந்த அச்சம் உறுதிப்பட்டுவிடும். அதனால் தாளையே காட்டாமல், பொருள்கள் நிறைந்த பெட்டியோடு தொடங்கினோம். உப்புத்தாள், சாக்குத்துணி, நெளி அட்டை, சணல் கயிறு, பருத்தி நூல், லேஸ், கொசுவலைத் துண்டு, காய்ந்த இலை, மரச்சீவல், வழவழப்பான அட்டை ஆகியவை அதில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சொரசொரப்பிலிருந்து வழவழப்புக்கு வரிசைப்படுத்தச் சொன்னோம். இந்த வேலையில் ஆறு வயதுக்கும் எண்பது வயதுக்கும் வேறுபாடு இல்லை. துணி வெட்டித் தைத்துப் பழகிய கைகள் இதில் மற்ற எல்லோரையும் முந்துகின்றன.

பிறகு ஒரு மாதிரித் தட்டு செய்தோம். எல்லாப் பொருள்களையும் கட்டம் கட்டமாக ஒட்டி, மை பூசிப் படியெடுத்து, தட்டையும் படியையும் அருகருகே வைத்தோம். விரலுக்கு மிக வலிமையாகப் படுவது உப்புத்தாள். ஆனால் ரோலரால் மை பூசும்போது அதன் முனைகளில் மட்டுமே மை ஏறுவதால், படியில் அது மங்கிய சாம்பல் புள்ளிகளாகவே விழுகிறது. வழவழப்பான அட்டை விரலுக்கு ஏறக்குறைய வெறுமை. ஆனால் படியில் அதுவே ஆழ்ந்த கருமை. சாக்குத்துணி மட்டும் இரண்டிலும் தன் பின்னலைக் காட்டுகிறது. இந்த முரண்பாடே எங்கள் பாடத்தின் உயிர். பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே தட்டைப் பற்றி வெவ்வேறு முடிவுக்கு வந்து, ஒருவரிடம் ஒருவர் காரணம் கேட்க வேண்டிய தேவை அப்போதுதான் பிறந்தது. 'இங்கே ஒன்றுமே இல்லையே' என்று விரல் சொல்லும் இடம்தான் படத்தின் மிகக் கறுத்த இடம் என்று தெரியவந்தபோது, பொருளைத் தேர்ந்தெடுப்பது இருவருக்குமே புதிய பொறுப்பாயிற்று.

தட்டு செய்யும் முறை

அடித்தட்டு 2 மி.மீ. தடிப்புள்ள சாம்பல் அட்டை, 20 செ.மீ. சதுரம். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. இரண்டு உள்ளங்கைகளுக்குள் முழுத் தட்டும் அடங்கினால்தான் தொட்டு அறிபவரின் மனத்தில் அது ஒரே படமாக நிற்கும். பெரிய தட்டில் விரல் ஒரு மூலையைத் தேடும்போது மற்றொன்று நினைவிலிருந்து நழுவும். வலப்புற மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டால், எது மேல் எது கீழ் என்பதை யாரும் கேட்காமலே அறியலாம்.

ஒட்டும் பொருளின் உயரம் 3 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரோலர் உயரமான பகுதிகளின்மேல் பாலம்போல் ஏறிச் சென்று, நடுவில் உள்ள தாழ்ந்த பகுதியைத் தொடாமலே விட்டுவிடும், தாளும் கிழியும். இரண்டு கோடுகளுக்கு இடையே விடும் இடைவெளியும் முக்கியம். பிரெயில் எழுத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மி.மீ. இடைவெளியில் உள்ளன, பழகிய விரல் பிரித்தறியும் நெருக்கம் அது. பழகாத விரலுக்கும், முதுமையில் உணர்வு மழுங்கிய விரலுக்கும் 5 மி.மீ. விட்டால்தான் இரண்டு நூல்கள் இரண்டாகத் தெரிகின்றன.

வெட்ட முடியாதவர்கள் கிழிக்கலாம். காகிதத்தின் இழை ஓடும் திசையில் கிழித்தால் விளிம்பு ஏறக்குறைய நேராக வரும். குறுக்கே கிழித்தால் ஒழுங்கற்றுப் பிசிறும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டதும் கிழிப்பதே பலருக்கு விருப்பமான முறையாகி, கத்தரிக்கோல் இருந்தும் அதை ஒதுக்கினார்கள். வெட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, தானே விரியும் வில் கத்தரிக்கோலும், ஒரு பக்கம் மரக்கட்டையில் பொருத்தப்பட்டு உள்ளங்கையால் அழுத்தினாலே வெட்டும் கத்தரிக்கோலும் வைத்திருந்தோம்.

வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். தடித்தால் லேஸின் துளைகளும் சாக்கின் பின்னலும் அடைந்துபோகும். ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞருக்குப் பிசுபிசுப்பு பொறுக்கவில்லை. இருபுறமும் ஒட்டும் நாடாவைக் கொடுத்ததும் வேலை தடையின்றி நடந்தது. அவருடைய தட்டின் விளிம்புகள் பசையால் செய்தவற்றைவிடக் கூர்மையாகவே இருந்தன.

ஒட்டியது காய்ந்தபின் அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறமி சேராத அக்ரிலிக் குழம்பை, இரண்டு மெல்லிய பூச்சாக, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றிலும் பூச வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் அட்டை வளையும். வெள்ளைப் பசையைக் கரைத்தும் பூசலாம். ஆனால் தட்டை ஈரத்துணியால் துடைக்கும்போது அது மெல்ல இளகும். அரக்கு வார்னிஷ் உறுதியானது என்றாலும் அதன் ஆல்கஹால் ஆவி குழந்தைகளும் மூச்சுத்தொல்லை உள்ளவர்களும் இருக்கும் அறைக்கு ஏற்றதன்று.

இந்தப் பூச்சு இரவு முழுவதும் காய வேண்டும் என்பது மறதிநோய் உள்ளவர்களுக்குச் சிக்கலானது. இன்று செய்த தட்டைச் சில நாள் கழித்துப் பார்க்கும்போது அது அவர்களுக்கு அயலாருடைய பொருளாகத் தோன்றக்கூடும். அதனால் ஒவ்வொரு அமர்வும் தன்னளவில் நிறைவுபெற வேண்டும் என்று முடிவுசெய்து, முன்பே பூசிக் காயவைத்த சிறு துண்டுத் தட்டுகளைத் தயாராக வைத்தோம். அவற்றைத் தாமே தேர்ந்து, தாமே அடுக்கி, அன்றே படியெடுத்து, கையில் எடுத்துக்கொண்டு செல்லலாம்.

மையும் அழுத்தமும்

தண்ணீரில் கழுவக்கூடிய, நச்சற்றது என்று குறிக்கப்பட்ட புடைப்பச்சு மையையே, அதாவது தட்டின் மேடுகளில் பூசிப் படியெடுக்கும் மையையே, பயன்படுத்தினோம். அது விரைவில் காயும் என்பதால், தட்டில் பூசியவுடன் படியெடுக்க வேண்டும்.

ரோலரின் மெல்லிய கைப்பிடி மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு வேதனை தரும். தண்ணீர்க் குழாய்களுக்கு உறையாகப் போடும் நுரைக் குழாயை வெட்டிச் செருகி, பிடியின் விட்டத்தை 3 முதல் 4 செ.மீ. வரை பெருக்கினோம். பிடிக்கவே முடியாதவர்களுக்கு உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டை கட்டி, அதில் தைத்த சிறு பையில் பிடியைச் செருகினோம். கைநடுக்கம் உள்ளவருக்கு முன்கையைத் தாங்கச் சுருட்டிய துண்டு ஒன்று போதுமானதாக இருந்தது. ரோலரைப் பல திசைகளில் ஓட்டுவதே சரியான முறை என்பதால், நடுக்கம் இந்த வேலையில் குறையாகவே தெரிவதில்லை.

மை சரியான அளவில் பரவியதைக் கண்ணாலும் காதாலும் அறியலாம். கண்ணுக்கு அது மிக நுண்ணிய புள்ளிகளால் ஆன சீரான படலமாகத் தெரியும். காதுக்கு, ரோலர் உருளும்போது மெல்லிய சரசரப்பாகக் கேட்கும். மை கூடிப்போனால் அந்த ஒலி ஈரமாக மாறி 'சப்' என்று ஒட்டிப் பிரியும். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் இந்த ஒலியைக் கேட்டே அடுத்த மேசையில் மை அதிகமானதைச் சொல்லிவிடுவார். காது கேளாத சிறுமி விளக்குக்குக் கீழே மை பரப்பிய பலகையைச் சாய்த்துப் பார்த்து அதே முடிவைச் சொல்வாள். இருவரையும் மை சரிபார்ப்பவர்களாகவே நியமித்தோம். அது மரியாதைக்காகக் கொடுத்த பதவி அன்று, வேலைக்குத் தேவையான பதவி.

அச்சு இயந்திரம் எங்களிடம் இல்லை. சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள தாளைச் சற்றே ஈரப்படுத்தித் தட்டின்மேல் வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தால் நல்ல படி வரும். தேய்க்க வலுவில்லாதவர்களுக்கு உடல் எடையையே கருவியாக்கினோம். தட்டைத் தரையில் வைத்து, தாளின்மேல் மெல்லிய நுரை விரிப்பும் அதன்மேல் தடித்த அட்டையும் போட்டு, அதன்மேல் சிறு சிறு அடிகளாக நடந்தால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர் இருபுறமும் மெல்லிய சரிவுப் பலகை வைத்து அதன்மேல் உருட்டிச் செல்லலாம். சக்கரம் தரையைத் தொடும் பரப்பு குறுகியது என்பதால் அழுத்தம் அதிகம். தடத்தைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை கடந்தால், கால்களால் எடுத்ததைவிடச் சீரான கருமை கிடைக்கிறது. குழந்தைகள் தங்கள் தட்டுகளையும் கொண்டுவந்து அந்தச் சக்கரத்துக்காக வரிசையில் நின்றார்கள்.

மையில்லாத படி

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு குறை எஞ்சியது. மைப்படி விரலுக்கு வெறும் தாள். தட்டைச் செய்தவர் பார்வையற்றவரானால், அவருடைய படைப்பின் இறுதி வடிவம் அவருக்கு மட்டும் எட்டாததாகிவிடும். இதற்கு விடை அச்சுக்கலையிலேயே இருக்கிறது. 250 முதல் 300 கிராம் வரையுள்ள பருத்தித்தாளை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நீரை ஒற்றியெடுத்து, மை பூசாத தட்டின்மேல் வைத்து, நுரை விரிப்பின் வழியாக அழுத்த வேண்டும். பிறகு விரல் நுனியால் ஒவ்வொரு விளிம்பையும் தேடித் தேடித் தாளைப் பதிக்க வேண்டும். தட்டின்மேலேயே அது முழுவதும் காய்ந்தபின் எடுத்தால் மேடுபள்ளம் தாளில் நிலைத்துவிடும்.

தட்டின் மேடு தாளின் முன்பக்கத்தில் பள்ளமாகவும், இடவலம் மாறியும் விழுகிறது. தாளைத் திருப்பினால் அந்தப் பள்ளம் மேடாகிறது, இடவலமும் மீண்டும் மாறித் தட்டில் இருந்தபடியே வந்துவிடுகிறது. ஆகவே தொட்டு அறிய வேண்டிய பக்கம் பின்பக்கம்தான். செய்தவரின் விரல் எதை எங்கே வைத்ததோ அது அங்கேயே கிடைக்கிறது.

இடவலம் மாறுவது பார்வையுள்ளவர்களைத்தான் நெடுநேரம் குழப்பியது. சட்டகமும் குத்தூசியும் கொண்டு பிரெயில் எழுதிப் பழகியவர் ஒருவருக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த முறையில் தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போய், திருப்பி, இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். அச்சுத்தட்டின் தருக்கம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. தட்டில் தம் பெயரை ஒட்ட விரும்பிய குழந்தைகளுக்கு எழுத்தைத் திருப்பி வைக்கும் முறையை அவரே கற்றுக்கொடுத்தார்.

உதவும் கை

கருவிகளைத் திருத்துவது எளிது. உதவியாளர்களின் கைகளைத் திருத்துவது கடினம். பக்கத்தில் இருப்பவர் திணறுவதைக் காணும்போது அன்புள்ள எவருக்கும் கை தானாக நீளும். ஆனால் அந்தக் கை ஒரு துண்டை நகர்த்தி 'இங்கே வைத்தால் அழகு' என்று ஒட்டிவிட்டால், அந்தத் தட்டு இருவருடையதாகி, நாளடைவில் உதவியாளருடையதாகவே ஆகிவிடுகிறது. பெற்றோர் குழந்தைக்கும், பிள்ளைகள் முதிய பெற்றோருக்கும் இதையே செய்கிறார்கள்.

ஆகவே ஒரு விதியை எழுதாமலே நிலைநாட்டினோம்: உதவியாளர் தட்டத்தைப் பிடிக்கலாம், மூடியைத் திறக்கலாம், கேட்டதை எடுத்துத் தரலாம், எதை எங்கே வைப்பது என்பதில் தலையிடக் கூடாது. கையைப் பற்றிக் காட்டியே ஆக வேண்டிய இடத்தில், உதவியாளரின் கை கற்பவரின் கைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலிருந்து பிடித்த கை இழுத்துச் செல்லும். கீழே இருக்கும் கையின்மேல் அமர்ந்த கை, வேண்டாம் எனும்போது விலகிக்கொள்ளலாம். பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தவர்களுக்குக் கற்பிப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. பேசாத உறுப்பினரிடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்பதற்குப் பதிலாக, இரண்டு பொருள்களை இரு பக்கமும் வைத்துவிட்டு, கண்ணோ கையோ நகரும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு நீளமானது. அதைச் சுருக்குவதற்கு எனக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

வேலையின் வரிசையைக் காட்டும் அட்டைகளில் படத்தோடு உண்மையான பொருளையும் ஒட்டினோம்: ஒட்டும் கட்டத்துக்குச் சாக்குத்துண்டு, பூசும் கட்டத்துக்குத் தூரிகையின் முடி, மை கட்டத்துக்கு ரோலர் ரப்பரின் ஒரு துண்டு. படிக்கத் தெரியாதவரும் பார்க்க முடியாதவரும் ஒரே அட்டையைப் பயன்படுத்தினார்கள்.

காட்சிக்கு வைத்தபோது தட்டு, மைப்படி, மையில்லாத படி மூன்றையும் ஒரு தொகுதியாக, 75 செ.மீ. உயரமுள்ள சாய்வு மேசையில் கிடத்தினோம். சுவரில் மாட்டினால் குழந்தைக்கும் நாற்காலியில் அமர்ந்தவருக்கும் எட்டாது. தலைப்பு, செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் வைத்தோம். செய்தவரின் வயதையும் குறைபாட்டையும் எங்கும் குறிப்பிடவில்லை. பலர் தொடுவதால் பருத்தித்தாளின் மேடுகள் மழுங்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் படி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போது இரண்டு வண்ண அச்சுக்கு ஆயத்தம் செய்கிறோம். இரண்டாவது தட்டு முதல் படியின்மேல் பிசகாமல் அமர வேண்டும் என்பதற்காக, பலகையின் ஒரு மூலையில் 5 மி.மீ. உயரமுள்ள மரச்சட்டங்களைச் செங்கோணமாக ஒட்டியிருக்கிறோம். தட்டும் தாளும் அந்தச் சட்டங்களில் முட்டி நிற்கும் என்பதால் கண்ணால் அளக்க வேண்டியதில்லை. ஈரத்தாள் காயும்போது சுருங்குவதால் இரண்டு வண்ணங்களும் விலகிப்போவது மட்டும் இன்னும் தீரவில்லை. இரண்டு முறையும் உலர்தாளையே வைத்து, அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான் அடுத்த சோதனை.